ஆடியில் அமுக்கக்கூடாத பட்டன்

வெப்சைட்டுக்கு அப்டேட் போட நாள் பார்த்து, மவுசுக்குக் குங்குமம் வைத்து, கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டி, ஊழியர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கும் பட்டுக் கடை காஞ்சிபுரத்தில் முதலில் ஒன்றுதான் இருந்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். பொங்கல் மட்டும் எங்கள் கடையில்தான் நன்றாக இருக்கும்.

இந்தச் சடங்கு ஏஞ்சல் அக்காவின் தொழிலுக்குள் எப்படி வந்தது என்பதைச் சொல்வதற்கு முன், அந்தத் தொழில் என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய மாமியார் சொந்தக்காரர்களிடம், "கம்ப்யூட்டர்ல பெருக்கித் துடைக்கிற வேலை" என்று சொல்வார். அவர் சொன்னது கேலியாகத்தான். ஆனால் இதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை. கடைகளின் வெப்சைட்டை அக்கா கட்டுவதில்லை. சென்னையிலிருந்து யாராவது வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போனதும் போனை எடுப்பதை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு அந்த சைட் நிற்காமல் ஓட வேண்டும், நாறாமல் இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவர் ஏஞ்சல் அக்கா.

அவர் சொல்லித்தான் எனக்கும் தெரியும்: தீம் என்பது சைட் கட்டியிருக்கும் புடவை. பிளகின் என்பது அதில் குத்தியிருக்கும் ஊக்கும் புரோச்சும் ஒட்டியாணமும். படத்தை நகர்த்திக் காட்ட ஒன்று, பணம் வாங்க ஒன்று, மூலையில் வாட்ஸப்புக்குப் பச்சைப் பொட்டு வைக்க ஒன்று. இவற்றை எழுதியவர்கள் உலகத்தில் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். தங்கள் சரக்கில் ஓட்டை இருப்பது தெரியவந்தால் அதை அடைத்து, புதிய பதிப்பு ஒன்றை வெளியிடுவார்கள். பழைய பதிப்பில் ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊரறிய வெளியாகிவிடும். அன்றிலிருந்து அது திருடனுக்கும் தெரியும்.

"கதவு தொறந்திருக்குதுன்னு பேப்பர்ல போட்டப்புறமும் தொறந்து போட்டுக்கினு தூங்குறவங்கதான் இந்தத் தெருவுல பாதிப் பேரு" என்பார் அக்கா.

அக்கா பிறந்தது வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா தாவீது அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அவருக்கு முந்தைய தலைமுறையினர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். "எங்க பரம்பரையில மொதமொதல்ல இடத்தைக் காவல் காக்குறவ நான்தான். அதுவும் அடுத்தவங்க இடம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத இடம்" என்று ஒருமுறை சொன்னார். கம்ப்யூட்டர் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, பேருந்து நிலையம் அருகே ஒரு பிரவுசிங் சென்டரில் ரயில் டிக்கெட்டும் சாதிச் சான்றிதழும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் முதலாளி கலியாணசுந்தரம் தன் கடையின் சைட் ஏன் திறக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு அங்கே போனார். சைட்டின் பெயருக்கு ஆண்டுச் சந்தா கட்டவில்லை என்பதை அக்கா கண்டுபிடித்தார். அவ்வளவுதான் அவர் செய்த அதிசயம். அன்று முதல் அவர் நீலாம்பாள் சில்க்ஸின் ஆள். முதலாளி சொன்னதன் பேரில் அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று தெருவே அவர் கைக்கு வந்தது.

ஆரம்பத்தில் எங்கள் கடையில் அக்காவுக்குத் தேநீர் காகிதக் கப்பில் வரும். மற்றவர்களுக்கு எவர்சில்வர் தம்ளர். அக்கா அதையே வாங்கிக் குடித்தார். கொரோனா வந்தபோது ஒரு பெரிய கட்டு காகிதக் கப் வாங்கி வந்து, கிருமி என்று ஒரே ஒரு சொல் சொல்லி, சமையலறையில் வைத்தார். தம்ளர்கள் பரணுக்குப் போயின. இன்றுவரை முதலாளியும் காகிதக் கப்பில்தான் குடிக்கிறார்.

நான் அக்காவுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்து, புடவைகளின் வர்ணனையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சைட்டுக்காக எழுதுகிறேன். பேச வேண்டிய தேவை இல்லாத வேலை. அதனால் மற்றவர்கள் பேசுவது நன்றாகக் கேட்கும்.

சைட்டின் சாவி அக்காவிடமிருந்து முதலாளியிடம் போனது ஒரு தை மாதத்தில். முகூர்த்த நாட்கள் நெருங்கிய சமயம், நண்பகலில் அக்கா ஒரு பிளகினுக்கு அப்டேட் போட்டார். சைட் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் சரியாக அந்த நேரத்தில்தான் முதலாளி பெங்களூரிலிருந்து வந்த கல்யாண வீட்டாரிடம் போனை நீட்டி, "எங்க கலெக்‌ஷன் பாருங்க" என்றிருந்தார். அவர்கள் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு, வெண்பட்டு எங்களுக்கு வேண்டாம் என்று எழுந்துபோனார்கள்.

அன்று மாலை முதலாளி சைட்டின் தலைமைச் சாவியை, அதாவது அட்மின் பாஸ்வேர்டை, தானே மாற்றி வைத்துக்கொண்டார். சர்வர் பாஸ்வேர்டையும் வாங்கிக்கொண்டார். அக்காவுக்குப் படம் ஏற்றவும் எழுத்து மாற்றவும் மட்டுமே உரிமை. அப்டேட் பட்டனை இனித் தானே நல்ல நேரம் பார்த்து அமுக்குவதாகச் சொன்னார். குங்குமமும் கற்பூரமும் பொங்கலும் அப்படி வந்தவைதான்.

"என்னைக் கேக்காம இனிமே எதுலயாவது கை வெச்சன்னா, நீ வேற கடை பார்த்துக்க ஏஞ்சலு" என்றார். போகிறபோக்கில் இன்னொன்றையும் சேர்த்தார். "சைட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னாலும் நீதான் பொறுப்பு."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான் அக்காவின் பிழைப்பு இருந்தது. வேறு கடை என்று ஒன்று இந்தத் தெருவில் இல்லை. முதலாளி சொன்னதால் வந்த கடைகள் எல்லாம் முதலாளி சொன்னால் போய்விடும். அவருடைய கணவர் டேனியல் எலக்ட்ரீஷியன். மழைக்காலத்தில் வேலை இருக்கும், மற்ற நேரத்தில் நண்பர்கள் இருப்பார்கள். வீட்டை ஓட்டுவது அக்கா.

அக்காவுக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலையில் அப்டேட் போடக் கூடாது. இது அவருடைய தொழிலில் இருப்பவர்கள் உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் விரதம் என்று சொல்வார். ஒருமுறை மீறியிருக்கிறார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு லாட்ஜின் சைட்டுக்கு வெள்ளி மாலை அப்டேட் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். பிளகின்காரர்கள் சனி ஞாயிறு விடுமுறைக்குப் போனார்கள். சைட் மட்டும் விடுமுறை எடுக்காமல், ஒரே அறையை நான்கு குடும்பங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது கருட சேவை சமயம். அந்த அறைக்குள் நடந்ததை லாட்ஜ்காரர் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

முதலாளிக்கோ வெள்ளிக்கிழமைதான் மிக நல்ல நாள். ஒவ்வொரு முறையும் அவர் வெள்ளி என்பார், இவர் புதன் என்பார். கடைசியில் வியாழனில் முடியும்.

போன வருடம் ஆடி பிறந்த வாரம் அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் சைட்டின் முதல் பக்கத்தில் புடவைப் படங்களை நகர்த்திக் காட்டும் பிளகினில் ஓட்டை. யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டு இல்லாமலே உள்ளே வந்து, தனக்கென்று ஓர் அட்மின் கணக்கைத் திறந்துகொள்ளலாம். ஆபத்தின் அளவு பத்துக்கு ஒன்பதே முக்கால் என்று போட்டிருந்தது. தெருவில் அக்கா பார்த்துக்கொள்ளும் அத்தனை கடைகளிலும் அதே பிளகின், அதே தீம். ஏனென்றால் ஒவ்வொருவரும் சைட் கட்ட வந்தவனிடம் சொன்னது ஒன்றுதான்: நீலாம்பாள் சில்க்ஸில் இருப்பது மாதிரியே வேண்டும்.

அக்கா போனை எடுத்துக்கொண்டு முதலாளியின் மேசைக்குப் போனார்.

"பத்துக்கு ஒம்பதே முக்கால்னா நல்லாத்தானே வந்திருக்குது" என்றார் முதலாளி.

அக்கா பொறுமையாக விளக்கினார். கதவு, பேப்பர், தூக்கம் எல்லாவற்றையும் சொன்னார். முதலாளி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவர் முட்டாள் இல்லை. ஒரு புடவையைத் தொட்டுப் பார்த்தே எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லக்கூடியவர். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, ஆவணி பிறக்கட்டும் என்றார். ஆடியில் புதிதாக எதையும் ஆரம்பிப்பது அவர் குடும்பத்தில் கிடையாது.

"இது புதுசு இல்லீங்கய்யா. பழசை அடைக்கிறது."

"நீயே புது வெர்ஷன்னு சொன்னியே."

அக்கா சுவரில் தொங்கிய ஆடித் தள்ளுபடி பேனரைக் காட்டினார். "அதை மட்டும் புதுசா ஆரம்பிச்சீங்களே?"

"தள்ளுபடி நல்ல காரியமாம்மா? அது நஷ்டம். நஷ்டத்தை ஆடியில ஆரம்பிக்கலாம்."

அக்கா தறிக்குத் தாவினார். நெய்துகொண்டிருக்கும்போது ஓர் இழை அறுந்தால், ஆடி முடியட்டும் என்று யாராவது காத்திருப்பார்களா, அப்போதே முடிச்சுப் போடமாட்டார்களா என்று கேட்டார். நல்ல வாதம்தான். என் எதிரில் உட்கார்ந்து காலையிலேயே அதை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி அதற்கும் அசையவில்லை.

"இழை அறுந்தா என் கண்ணுக்குத் தெரியும். இது அறுந்திருக்குதுன்னு நீதான் சொல்ற. நான் பார்க்கலையே" என்றார்.

அக்கா மற்ற கடைக்காரர்களிடம் போனார். அவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: பெரிய கடை அமுக்கட்டும், நாங்கள் பின்னாலேயே அமுக்குகிறோம்.

அக்கா கடைசியாகப் போனது ஜோசியர் ஜெயக்குமாரிடம். முதலாளிக்கு நாள் குறித்துக் கொடுப்பவர் அவர்தான். அவருக்கும் ஒரு சைட் இருக்கிறது. அதையும் அக்காதான் பார்த்துக்கொள்கிறார். அதிலும் அதே பிளகின். ஓட்டை என்ற சொல்லைக் கேட்டதும் ஜோசியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாராம்.

"போட்டுடும்மா. இப்பவே போட்டுடு."

"ஆடிங்க சார்."

"ஆடி கல்யாணத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும்மா. என் சைட்டுல எத்தினி பேர் ஜாதகம் இருக்குது. எவனாவது எடுத்துக்கினு போனா நான் என்னா பதில் சொல்லுவேன்?"

அக்கா அங்கேயே உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார். முடித்ததும், இதையே முதலாளியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டார். ஜோசியர் பேனா மூடியால் காதைக் குடைந்தார். ஆடியில் எதிலும் கை வைக்காதீர்கள் என்று முதலாளிக்குத் தானே சொல்லியிருப்பதாகவும், இப்போது மாற்றிச் சொன்னால் பேத்தியின் காதுகுத்துக்கு அவர் வேறு ஜோசியரைப் பார்த்துவிடுவார் என்றும் சொன்னார். பிறகு, கலியாணசுந்தரத்தின் ராசிக்கு ஆவணியில் எல்லாம் அமோகமாக இருக்கும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

திருடன் ஆவணிக்குக் காத்திருக்கவில்லை.

அதை முதலில் பார்த்தது நான்தான். என் வர்ணனைகள் கூகுளில் எப்படி வருகின்றன என்று அவ்வப்போது தேடிப் பார்ப்பேன். அன்று நீலாம்பாள் சில்க்ஸ் என்று அடித்ததும் கடையின் பெயர் வந்தது. அதன் கீழே, நான் எழுதிய மயில் கழுத்து வண்ணமும் அரக்கு பார்டரும் இருக்க வேண்டிய இடத்தில், வரிவரியாக ஜப்பானிய எழுத்துகள் இருந்தன. போனை அக்காவிடம் நீட்டினேன். அவர் அதை மொழிபெயர்த்துப் பார்த்தார். கைக்கடிகாரம். இரண்டாம் கை கைப்பை. ஆண்களுக்கான குளிர்கால உள்ளாடை. எங்கள் கடையின் முகவரியில் அப்படிப்பட்ட பக்கங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்திருந்தன.

அக்கா எழுந்து முதலாளியிடம் போய்க் காட்டினார்.

முதலாளி தன் போனில் சைட்டின் முகவரியைத் தட்டித் திறந்தார். புடவைகள் அழகாக நகர்ந்தன. எனக்கு நன்றாகத்தானே தெரிகிறது என்றார். நேராக வருகிறவர்களுக்கு நல்லபடியாகவும் கூகுள் வழியாக வருகிறவர்களுக்கு வேறுமாதிரியாகவும் காட்டுவான், முதலாளி வரும்போது திருடன் மறைந்துகொள்வான் என்றார் அக்கா. முதலாளியின் கவனம் அதற்குள் வேறு எங்கோ போய்விட்டது. அக்காவின் போனைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எழுத்துகளை உற்றுப் பார்த்தார்.

"இது என்னா பாஷை?"

"ஜப்பானுங்கய்யா."

"ஜப்பான்ல நம்ம கடையைத் தேடுறாங்களா?"

இல்லை என்று அக்கா சொன்னது அவர் காதில் விழவில்லை. தேநீர்க் கடைக்குப் போகிறேன் என்று எழுந்தார். அவர் திரும்பி வருவதற்குள் தெரு முழுவதும் செய்தி பரவிவிட்டது. அமெரிக்கா, சிங்கப்பூரெல்லாம் எல்லாக் கடைக்கும் உண்டு. ஜப்பான் யாருக்கும் வந்ததில்லை. மறுநாள் பக்கத்துக் கடையின் ஆனந்தகுமார் அக்காவை வழிமறித்து, கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

"அவருக்கு மட்டும் ஜப்பான் போட்டுக் குடுத்திருக்கியாமே. எனக்கு எப்பம்மா வரும்?"

"அப்டேட் போடாம இப்படியே விட்டீங்கன்னா அடுத்த வாரம் வந்துடும்ணா" என்றார் அக்கா.

அவர் மகிழ்ச்சியோடு போனார். அக்கா மேசைக்கு வந்து, தலையை விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அது சிரிப்பு மாதிரி இல்லை. நான் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன். கூகுள் இதைக் கண்டுபிடித்து, எங்கள் சைட்டின் மேல் ஆபத்து என்று சிவப்புப் பலகை மாட்டும் நாள் தூரத்தில் இல்லை என்றார். அன்று முதலாளி ஜப்பானை மறந்துவிடுவார். பொறுப்பு யாருடையது என்று தான் சொன்னதை மட்டும் மறக்கமாட்டார். சாவி கையில் இல்லாத காவல்காரிக்குத் திருட்டுப் பழியில் மட்டும் பங்கு உண்டு.

அந்த வாரம் ஆடி வெள்ளி. கடையில் அம்மனுக்குப் பூஜை. முதலாளியின் மனைவி நீலாம்பாள் மாலையில் வந்திருந்தார். கடைக்கு அவர் பெயர்தான் என்றாலும், பூஜை நாட்களில்தான் வருவார். வந்தால் நேராக அம்மன் படத்துக்குப் போவார். அன்று படத்தைத் தாண்டி முதலாளியின் மேசைக்குப் போய் நின்றார்.

ஆரணியிலிருந்து சம்பந்தி அம்மாள் போன் செய்திருக்கிறார். ஆரணியிலும் பட்டு நெய்கிறார்கள் என்பது நீலாம்பாளுக்குப் பிடிக்காத உண்மைகளில் ஒன்று. சம்பந்தி வீட்டில் யாரோ ஒரு பெண் நீலாம்பாள் என்று கூகுளில் தேடி, கடையின் பெயரை அமுக்கியிருக்கிறாள். புடவை வரவில்லை. ஆண்மைக்கு மாத்திரை விற்கும் பக்கம் வந்திருக்கிறது, விளக்கப் படங்களோடு. சம்பந்தி அம்மாள் நலம் விசாரித்துவிட்டு, கடையில் இப்போது மாத்திரையும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாராம்.

இதைச் சொல்லும்போது நீலாம்பாள் குரலை உயர்த்தவில்லை. கடையில் இருந்த எல்லோரும் புடவை மடிப்பதை நிறுத்திவிட்டோம்.

முதலாளி அக்காவைப் பார்த்தார். "ஏஞ்சலு, உன்கிட்ட அன்னைக்கே சொன்னேன்ல, சைட்டுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"நானும் அன்னைக்கே சொன்னேங்கய்யா" என்றார் அக்கா. "ஆடி பொறந்த வாரமே சொன்னேன். பட்டன் உங்ககிட்ட இருக்குது. உங்களைக் கேக்காம தொடமாட்டேன்னு நின்னேன். அதுக்காக அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. ஆனா அடைச்சிட்டுப் போறேன். இப்படியே விட்டுட்டுப் போனா என்னால தூங்க முடியாது."

நீலாம்பாள் அக்காவை முதன்முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். எந்தப் பட்டன், யார் அமுக்கவில்லை என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் முதலாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆடி நடக்குது நீலா" என்றார் முதலாளி.

"போன ஆடியில மாடி பாத்ரூம் ஒழுகுச்சே. ஆவணி வரைக்கும் வாளி வெச்சுக்கினா இருந்தீங்க?"

"அது ஒழுகுறது கண்ணுக்குத் தெரிஞ்சுது."

"இது என் சம்பந்திக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் நீலாம்பாள். "சாவியை அவகிட்ட குடுங்க."

இந்த இடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு நாள்காட்டியைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இன்னைக்கு வேணாம்மா. நாளைக்குக் காலையில பண்ணிடறேன்" என்றார்.

"ஏன்? உனக்கும் ஆடியா?"

"வெள்ளிக்கிழமைம்மா. சாயங்காலம் வேற."

"ஆடி வெள்ளி. இதைவிட நல்ல நாள் உண்டா?"

முதலாளிக்கு அன்று முதல் தடவையாக முகம் மலர்ந்தது. தன்னைப் போல இன்னோர் ஆள் கிடைத்த நிம்மதி. "அவங்க ஆளுங்களுக்கு வெள்ளிக்கிழமை ஆகாது நீலா. ஏசு சாமி அன்னைக்குத்தானே..." என்று விளக்க ஆரம்பித்தார்.

"அதுக்கு இல்லீங்கய்யா. சப்போர்ட்டு லீவு" என்றார் அக்கா.

நீலாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவருக்கு மாதம் ஆகாது, ஒருவருக்குக் கிழமை ஆகாது, நடுவில் தன் பெயரில் மாத்திரை விற்றுக்கொண்டிருக்கிறது என்றார். ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

முதலாளி பாஸ்வேர்டைத் தானே அடிப்பதாகச் சொன்னார். சத்தமாகச் சொல்லுங்கள், அவள் அடிக்கட்டும் என்றார் நீலாம்பாள். முதலாளி கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். என், ஈ, ஈ, எல், யு. பிறகு அவர்களுக்குக் கல்யாணமான வருடம். நீலு. நாங்கள் யாரும் நிமிரவில்லை. நீலாம்பாள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு எளிதான பாஸ்வேர்டை ஓட்டையே இல்லாமலும் எவனும் திறந்திருப்பான் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். அப்போது சொல்லவில்லை. அவருக்கும் இடம் பொருள் தெரியும்.

வேலை அப்டேட்டோடு முடியவில்லை. திருடன் உள்ளே வந்துவிட்ட பிறகு கதவைச் சாத்தினால் அவனையும் உள்ளே வைத்துப் பூட்டியதாகத்தான் ஆகும். அக்கா முதலில் கடை மூடியிருக்கிறது என்று ஒரு பலகையை சைட்டின் முகப்பில் மாட்டினார். அட்மின் பட்டியலைத் திறந்தார். முதலாளியின் பெயருக்குக் கீழே, யாருக்கும் தெரியாத இன்னொரு முதலாளி இருந்தார். அவரை நீக்கினார். சர்வரின் சாவியையும் வாங்கி, எல்லாவற்றையும் துடைத்து எடுத்துவிட்டு, ஆடிக்கு முன், போன அப்டேட்டின்போது எடுத்து வைத்திருந்த நகலை ஏற்றினார். அதிலிருந்த ஓட்டைப் பிளகினுக்குப் புதிய பதிப்பைப் போட்டார். பயன்படுத்தாமல் சும்மா கிடந்த இரண்டு பழைய தீம்களையும் தூக்கிப் போட்டார். பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றினார். நகல் பழையது என்பதால், ஆடியில் நான் எழுதிய வர்ணனைகள் மொத்தமும் போயின. இதை யாரும் கவனிக்கவில்லை. மயில் கழுத்துக்கு முன்பிருந்த மயில் கழுத்தே போதுமானதாக இருந்தது.

கடைசிப் பட்டனை அமுக்கும் முன் அக்கா ஒரு நொடி கண்ணை மூடினார். நீலாம்பாள் அதைப் பார்த்துவிட்டு, பூஜைத் தட்டிலிருந்து குங்குமத்தை எடுத்து மவுசின் மேல் ஒரு பொட்டு வைத்தார். யாருக்கு யார் மேல் நம்பிக்கை என்று தெரியவில்லை. அக்கா அமுக்கினார்.

சைட் திறந்தது. நீலாம்பாள் தன் போனில் தன் பெயரைத் தேடினார். ஜப்பான் இன்னும் இருந்தது. கூகுள் மறக்கக் கொஞ்ச நாளாகும் என்றார் அக்கா. ஆனால் அமுக்கினால் புடவை வந்தது. நீலாம்பாள் அதைப் படம் பிடித்து ஆரணிக்கு அனுப்பினார். பிறகுதான் அம்மனுக்கு தீபாராதனை நடந்தது.

புறப்படும்போது கணவரிடம், சாவி இனி அவளிடமே இருக்கட்டும் என்றார். உங்களுக்குக் குங்குமம் வைக்கும் வேலை இருக்கிறதே என்று ஆறுதலும் சொன்னார்.

மறுநாள் நாங்கள் கடை திறந்தபோது, புதிய பதிப்பு தன் குணத்தைக் காட்டியிருந்தது. முதல் பக்கத்தில் எல்லாப் புடவைகளும் தலைகீழாகத் தொங்கின. முந்தானை மேலே, கொசுவம் வானத்தில். மாடலாக நின்ற பெண்கள் எல்லோரும் வௌவாலாகிவிட்டார்கள். பிளகின்காரர்களுக்கு அக்கா எழுதினார். நாங்கள் விடுமுறையில் இருக்கிறோம், திங்கட்கிழமை உங்களைத் தொடர்பு கொள்கிறோம் என்று பதில் தானாக வந்தது. கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் அழைத்து, இது புது டிசைனா என்று கேட்டாள்.

அதற்குள் ஆனந்தகுமாரும் இன்னும் இரண்டு கடைக்காரர்களும் வந்துவிட்டார்கள். பெரிய கடையில் ஆடியிலேயே அமுக்கிவிட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும் போட்டுவிடு என்று அக்காவிடம் கேட்டார்கள். ஜப்பான் வேண்டாமா என்று அக்கா கேட்டார். மாத்திரைக் கதையும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படம் தலைகீழானால் பரவாயில்லை, தலை நிமிர்ந்து நடந்தால் போதும் என்றார் ஒருவர். அக்கா வரிசையில் உட்காரச் சொன்னார்.

முதலாளி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். காகிதக் கப்பில் தேநீரை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் வந்து நின்றார். புடவைகளைச் சரியாகப் பார்க்கத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார், பிறகு இன்னும் சாய்த்தார். அவர் முகத்தில் நெடுநாள் காணாத திருப்தி இருந்தது.

"பார்த்தியா ஏஞ்சலு. அப்பவே சொன்னேன். ஆடி."

"இல்லீங்கய்யா" என்றார் அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெள்ளிக்கிழமை."